சாம்பியனாக இருந்தவர் நல்ல ஆசிரியராகவும் ஆன உதாரணம் உண்டா?

உண்டு. ஜப்பானின் ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிட்டா. மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கிறவன் நான். அதனால் அவருடைய பதக்கங்களைவிட அவர் சிறுவயதுதான் என் மனதில் நிற்கிறது.

1957-ல் குமமோட்டோவில் பிறந்தவர். வயதுக்கு மீறிய உடம்பு, அடிதடி வேறு. அவருக்குப் பயந்து கூடப் படித்த பிள்ளை ஒன்று பள்ளிக்கே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது. இவனை எப்படித் திருத்துவது என்று கலங்கிய பெற்றோர் ஜூடோவில் சேர்த்தார்கள். அங்கே முழு பலத்தையும் காட்டலாம், ஆனால் விதிக்குள் காட்ட வேண்டும்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1977 முதல் 1985 வரை தொடர்ந்து ஒன்பது முறை அகில ஜப்பான் சாம்பியன். நான்கு உலகப் பட்டங்கள். 1977-ல் கடைசியாகத் தோற்றதற்குப் பிறகு, இடையில் சில சமன்கள் தவிர, ஓய்வு பெறும்வரை 203 வெற்றிகள், தோல்வியே இல்லை.

ஆனால் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தது. எங்களைப் போகவிடுங்கள் என்று அவர் அழுதுகொண்டே கேட்டும் பலனில்லை. அதே ஆண்டு ஒரு போட்டியில் காலும் முறிந்தது. நான்கு வருடம் காத்திருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனால், இரண்டாவது ஆட்டத்திலேயே வலது கெண்டைக்காலில் தசை கிழிந்துவிட்டது. அரையிறுதியில் பிரான்ஸ் வீரர் அவரை முதலில் எறிந்து புள்ளி எடுத்தார். மீண்டு வந்து ஜெயித்தார். இறுதியில் எகிப்தின் முகமது ரஷ்வானைத் தரையில் அமுக்கிப் பிடித்துத் தங்கம் வென்றார். நொண்டிக்கொண்டே மேடை ஏறியவருக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? தோற்ற ரஷ்வான்தான். அந்தக் காட்சியை என் மாணவர்களுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுவேன்.

1985-ல் 28 வயதில் ஓய்வு. தான் படித்த டோக்காய் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த நொபுயுகி சாட்டோவும் முன்னாள் உலக சாம்பியன்தான். 1992 முதல் 2000 வரை ஜப்பான் ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். டோக்காயில் வளர்ந்த கோசே இனோவே 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அணியை நடத்தியவர் இவர்தான்.

அப்புறம் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் பெரியதாகத் தெரிகிறது. 2006-ல் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கி, ஜப்பானில் போட்டுப் பழகிய ஜூடோ உடைகளைச் சேகரித்து வசதியில்லாத நாடுகளுக்கு அனுப்பினார். கனமான அந்தச் சட்டையை வாங்கித்தர முடியாத பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். அதன் அருமை எனக்குத் தெரியும்.

2019-ல் ஜப்பான் ஒலிம்பிக் குழுவின் தலைவரானார். 2023-ல் வெந்நீர் ஊற்றுக் குளியலிடத்தில் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டது. விழுவதைப் பழகியே வளர்ந்த மனிதர். செய்தியைப் படித்த அன்று என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை.

எங்கள் வகுப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். "எல்லாரையும் அடிக்கிறான் சார்" என்று அம்மா கொண்டுவந்து விட்டார். மூன்று வாரம் யாரையும் எறியவிடாமல், விழ மட்டும் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் தன்னைவிடச் சின்னவனை எறிந்தவன், அவன் தலை மெத்தையில் மோதாதபடி சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.