உதைக்கிற கணக்கு

அன்புள்ள ஐயா,

உலக கார்பன் கணக்கு பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் நிலமும் உறிஞ்சிக்கொள்கின்றன என்றீர்கள். அப்படியானால் வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைத்தால் போதாதா? எல்லோரும் மரம் நட்டால் மிச்சமும் சரியாகிவிடாதா? நீங்கள் சொன்ன அறிக்கையையும் தேடிப் படித்தேன். வரவும் செலவும் பொருந்தவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தங்களுக்கே பிடிபடாத கணக்கை வைத்துக்கொண்டு அரசுகளுக்கு எப்படி யோசனை சொல்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அறிக்கையைத் தேடிப் படித்தீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். இதைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மரம் நடுங்கள், நல்ல காரியம். ஆனால் தோண்டி எரித்த நிலக்கரிக்கு அது ஈடு என்று நினைக்காதீர்கள். காடு தீப்பிடித்தால் சேர்த்ததெல்லாம் காற்றுக்கே திரும்பிவிடும். பாதி குறைத்தால் போதுமா என்றால், கொஞ்ச காலம் ஏற்றம் கிட்டத்தட்ட நிற்கும், அவ்வளவுதான். காற்றில் அளவு ஏறிக்கொண்டே போவதால்தான் கடல் இவ்வளவு வாங்கிக்கொள்கிறது. ஏற்றம் நின்றால் அது வாங்குவதும் படிப்படியாகக் குறையும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கோபம் வந்தது அங்கேதான். சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

ஆண்டுதோறும் உலகக் கார்பன் கணக்கைப் போடும் விஞ்ஞானிகளின் கூட்டமைப்பான குளோபல் கார்பன் புராஜெக்ட் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் 2014 முதல் 2023 வரையிலான ஆண்டுச் சராசரி இருக்கிறது. எல்லாம் கார்பன் எடையில், அதாவது கரியமில வாயுவில் உள்ள கார்பனின் எடை மட்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் வகையில் 970 கோடி டன். காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் 110 கோடி. இது வெளியே போனது. காற்றில் தங்கியது 520 கோடி, கடல் வாங்கியது 290 கோடி, நிலம் வாங்கியது 320 கோடி. கூட்டிப் பாருங்கள். போனதைவிடச் சேர்ந்தது 40, 50 கோடி டன் அதிகமாக வருகிறது. கணக்கு உதைக்கிறது.

எங்கே உதைக்கிறது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. காற்றில் தங்கியதில் பிழை வாய்ப்பு வெறும் 2 கோடி டன். நிலத்தில் 90 கோடி! காற்று உலகெங்கும் கலந்துவிடுவதால் சில இடங்களில் கவனமாக அளந்தால் போதும். கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிப்பவர் எதிர்க்காற்றைப் பார்த்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டுதான் திருகைத் திறப்பார். அவர் விடும் மூச்சில் வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு கரியமில வாயு உண்டு. நிலத்தை அப்படி ஒரு குடுவையில் பிடிக்க முடியாது. 2023இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறிப் பல நாடுகளில் வறட்சியைக் கொண்டுவரும் நிலை, வந்ததும் நிலம் வாங்கியது 230 கோடி டன்னாகச் சரிந்தது.

2017க்கு முந்தைய அறிக்கைகளில் இந்தப் பொருந்தாத வரியே கிடையாது. மற்ற எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சியதை நிலத்தின் பெயரில் எழுதிவிடுவார்கள். கணக்கு அழகாக முடியும். அந்த ஆண்டுதான் நிலத்தையும் தனியாகக் கணித்து, உதைப்பதை உதைப்பதாகவே அச்சிட்டார்கள். அந்த நேர்மையைப் போய்க் குற்றமாக்குகிறீர்களே! பைசா சுத்தமாகப் பொருந்தும் கணக்கைக் கொடுத்திருந்தால் நம்பியிருப்பீர்கள், இல்லையா?

2020இல் வீட்டில் அடைந்து கிடந்தபோது தினமும் காலையில், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கிறார்களே, அந்த அளவைத்தான் முதலில் பார்ப்பேன். விமானங்கள் நின்றுவிட்டன, சாலைகள் வெறிச்சோடிவிட்டன, ஒரு சின்னப் பள்ளமாவது தெரியாதா என்று அப்படி ஓர் ஆசை. மே மாதச் சராசரி பத்து லட்சத்துக்கு 417 பங்கு. அதுவரை இல்லாத உச்சம். அந்த ஆண்டு உலகமே முடங்கியும் எரிபொருள் வெளியேற்றம் குறைந்தது ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 50 கோடி டன் கார்பன். நம் கணக்கு உதைக்கிற அதே அளவு. காடுகளும் எல் நினோவும் ஆண்டுக்கு ஆண்டு செய்யும் ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துபோனது.

இதை அரசுகளோடு பொருத்திப் பாருங்கள். பாரிஸ் காலநிலை ஒப்பந்தப்படி, நாடுகள் சேர்ந்து எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகளாவிய கணக்கெடுப்பு. முதலாவது 2023இல் துபாயில் முடிந்தது. நாடுகள் தங்கள் வெளியேற்றத்தைத் தாங்களே கணக்கிட்டுக் கொடுக்கின்றன. எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு, மூன்று சதவீதம் குறைத்துவிட்டோம் என்றால், அது மெய்யா என்று காற்றைக் கேட்டு உறுதிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். கணக்கு உதைக்கிற இந்த இடைவெளி சுருங்கச் சுருங்கத்தான் அந்தக் காலமும் சுருங்கும். ஆகவே கணக்கு பொருந்தவில்லை என்பது அளப்பதை நிறுத்தக் காரணமே அல்ல. இன்னும் அளக்க வேண்டும், இன்னும் நிறைய இடங்களில்.

நடப்பதோ நேர்மாறு. 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் மௌனா லோவாவில் தொடங்கிய அளவீட்டுத் தொடரில் 1964இன் தொடக்கத்தில் சில மாதங்கள் இல்லை. நிதியை வெட்டிவிட்டார்கள். அந்த மாதங்களின் காற்றை இனி யாரும் அளக்க முடியாது. கடலிலும் கப்பல்கள் எடுக்கும் கரியமில வாயு அளவீடுகள் 2017க்குப் பிறகு குறைந்தன. மிக அதிகமாக உறிஞ்சும் தென்பெருங்கடலில், அதுவும் குளிர்காலத்தில், அளவீடு எப்போதுமே சொற்பம். கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படுங்கள்.

உங்கள் அரசு இந்த அளவீடுகளுக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.