டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதுமா?

கேள்வி: அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் அச்சுக்குள் சாயம் ஊற்றுபவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது, வலது கை சரியாக விளங்கவில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்க, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி போதுமா? – வாசகி, காரைக்குடி

பதில்: போதாதும்மா. என்ன நோய் வந்தது என்று அது சொல்லும், இன்றைக்குக் கை என்ன செய்கிறது என்று சொல்லாது. ஊனம் எத்தனை சதவீதம் என்று சான்று தரும் மருத்துவக் குழு பார்ப்பது கை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைத்தான். பக்கவாதத்தில் ஆறு மாதம் கழித்துத்தான் சதவீதம் போடுவார்கள், அப்பாவுக்கு அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட், பிசியோதெரபிக்குப் போன சீட்டுகள், அப்புறம் சமீபத்தில் நரம்பு மருத்துவர் பார்த்துக் கையின் பலம் எவ்வளவு, பிடிமானம் உண்டா என்று எழுதிய குறிப்பு, எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஜெராக்ஸ் ஒரு செட் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனம் 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். உதவித்தொகைக்கு வகையைப் பொறுத்து வரம்பு மாறும், சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர் ஆட்கள் டாக்டர் கேட்டதும் கூச்சத்தில் "இப்பப் பரவாயில்லைங்க" என்று முடித்துவிடுவார்கள். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது யார், வேட்டி கட்டிவிடுவது யார், அச்சைத் தூக்கினால் கையில் நிற்கிறதா, இதையெல்லாம் கூடவே போய் நீங்கள் சொல்லுங்கள்.