மூன்றே நாளில் நமத்துப்போன கிறிஸ்துமஸ் குக்கீ

கேள்வி: போன கிறிஸ்துமஸுக்கு இஞ்சி, பட்டை வாசனையோடு குக்கீ சுட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆபீஸ் தோழிகளுக்கும் கொடுத்தேன். 22ஆம் தேதி சுட்டபோது மொறுமொறுவென்று இருந்தது. 25ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வைத்திருந்த பெட்டியைத் திறந்தால் அத்தனையும் நமத்துப்போயிருந்தது. முட்டை, நாட்டுச்சர்க்கரை, நான்கு ஸ்பூன் தேன் சேர்த்திருந்தேன். சில குக்கீகளில் அடிப்பக்கம் கருகியும்விட்டது. அட்டைப்பெட்டியில் பிளம் கேக் துண்டு ஒன்றும் குக்கீ பத்தும் வைத்துக் கொடுத்தேன். இந்த வருடம் 20 பெட்டி தர ஆசை. என்னிடம் இருப்பது 25 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார அவன்). எங்கே தவறினேன்? – வாசகி, சென்னை

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. அந்தக் கேக் துண்டுதான் முதல் குற்றவாளி. மொறுமொறு பிஸ்கட்டில் ஈரம் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. பிளம் கேக்கிலோ அதைப்போலப் பல மடங்கு இருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினால், கேக் விடும் ஈரத்தைக் குக்கீ உறிஞ்சிக்கொள்ளும். கேக்கும் காயும், குக்கீயும் நமக்கும், இரண்டும் கெட்டது. கொடுப்பதானால் கேக்கைத் தனியாகச் சுற்றிக் கொடுங்கள்.

இரண்டாவது, தேன். தேனும் நாட்டுச்சர்க்கரையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை. ஜெர்மனியில் லெப்குஹன் என்றொரு தேன் பிஸ்கட் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பே சுட்டுத் தகர டப்பாவில் போட்டு வைப்பார்கள். சுட்ட புதிதில் அது கட்டியாக இருக்கும். மெத்தென்று ஆகட்டும் என்று டப்பாவுக்குள் ஆப்பிள் துண்டு ஒன்றை வைப்பதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியாத டிசம்பர் சென்னையில் நமக்கு ஆப்பிள் தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். ஆகவே நீங்கள் பின்பற்ற வேண்டியது நெதர்லாந்தின் ஸ்பெகுலாஸ் வழி. டிசம்பர் 5, 6 தேதிகளில் வரும் புனித நிக்கோலஸ் திருநாளை ஒட்டி அங்கே சுடும் மசாலா பிஸ்கட் அது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, மசாலா. மெல்லிசாக, டக்கென்று உடைகிற பதம்.

ஒரு ஈட்டுக்கு என் அளவு இது: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125, வெள்ளைச் சர்க்கரை (பொடித்தது) 75, சலித்த நாட்டுச்சர்க்கரை 50, சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பிசைய 2 முதல் 3 டேபிள்ஸ்பூன் பால். மொறுமொறுப்பைத் தருவது வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச்சர்க்கரை நிறத்துக்கும் அந்தக் கருகல் இனிப்புக்கும் மட்டும். முட்டை வேண்டாம் என்பேன். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். அக்கம்பக்கத்தில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள், யாராவது மார்கழி முழுக்கச் சுத்த சைவமாக இருப்பார்கள். முட்டை சேர்த்த பெட்டி அவர்கள் வீட்டில் பிரிக்கப்படாமலே கைமாறிவிடும்.

மசாலாவுக்கு வருவோம், ருசியே இங்கேதான் இருக்கிறது. சுக்குப்பொடி 2 டீஸ்பூன், பட்டைப்பொடி ஒன்றரை, ஏலக்காய் அரை, மிளகு கால், கிராம்பு கால், அப்புறம் ஜாதிக்காயை நான்கைந்து இழுப்புத் துருவிக்கொள்ளுங்கள். பச்சை இஞ்சி வேண்டாம், அதுவும் ஈரம்தான். 'சுக்குக்குப் புறநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வது போலத் தோலைச் சுரண்டிவிட்டு இடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். நார் பல்லில் சிக்கினால் பிஸ்கட் கெட்டது. கிராம்பில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். ஒரு வருடம் நான் அரை டீஸ்பூனுக்கு மேல் போட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் கடித்துப் பார்த்து, 'பல் டாக்டர் கிளினிக் வாசனை' என்றார்கள். தப்பே இல்லை, கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற வாசனைப் பொருள்தான் பல் வைத்தியத்திலும் பயன்படுகிறது.

பட்டையிலும் ஒரு விஷயம். மளிகைக் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த, கெட்டியான பட்டை கேசியா வகை, காரம் அதிகம். இலங்கைக் கறுவா காகிதம் போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், இனிப்பான வாசனை. கறுவா கிடைத்தால் 2 டீஸ்பூன் வரை போடலாம், தடித்த பட்டை என்றால் ஒன்றரையோடு நிறுத்துங்கள். எதுவானாலும் அன்றன்றைக்குப் பொடித்தது. போன தீபாவளிக்கு அரைத்த பொடியில் நிறம் மட்டும்தான் மிச்சம்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்தால் போதும், நுரைக்க அடிக்க வேண்டாம். மற்றதைச் சேர்த்து மாவு திரண்டதும் நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் கடிக்க முடியாது. அடுத்து நான் செய்வது இதுதான்: மாவு இளகலாக இருக்கும்போதே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் தேய்த்து, அப்படியே தட்டோடு பிரிட்ஜில் ஒரு இரவு வைத்துவிடுவேன். மசாலா மாவில் ஊறிவிடும், வெண்ணெய் இறுகிவிடும், மறுநாள் அச்சு வைத்தால் ஓரம் சிதையாது. உருண்டையாக வைத்துவிட்டு மறுநாள் கல்லாகிப்போன மாவோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

ஓடிஜியை 170 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். தட்டு நடு அடுக்கில். அடி கருகுவது கீழ்க் கம்பியின் வேலை. ஓடிஜியோடு வந்த கறுப்புத் தட்டு மெல்லிசாக இருப்பதும் காரணம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்துச் சுடுங்கள். 12 முதல் 14 நிமிடம். மாவே பழுப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. ஓரம் ஒரு சாயல் கூடியிருக்கும், சமையலறை தாண்டிக் கூடம் வரை வாசம் வரும். வெளியே எடுக்கும்போது நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள்.

முழுக்க ஆறியபின் ஒன்றை உடைத்துப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் சரி. வளைந்து கிழிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் 140 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் திரும்ப வையுங்கள். நமத்துப்போன குக்கீயையும் இப்படித்தான் மீட்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போன வருடமே பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

இப்போது உங்கள் 20 பெட்டிக் கணக்கு. 5 சென்டிமீட்டர் வட்ட அச்சில் ஒரு ஈட்டுக்குச் சுமார் 45 முதல் 50 குக்கீ. பெட்டிக்கு 12 என்றால் 240; ஐந்து ஈடு, அதாவது மைதா ஒன்றேகால் கிலோ. உங்கள் தட்டில் ஒரு தடவைக்கு 12 கொள்ளும் என்று வைத்தால் 20 தடவை. ஏற்றி இறக்கும் நேரத்தோடு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிஜி முன்னாலேயே நிற்க வேண்டும். ஒரே நாளில் செய்தால் கடைசித் தட்டுகள் நிச்சயம் கருகும், ஓடிஜியால் அல்ல, உங்கள் அசதியால். 19ஆம் தேதி எல்லா மாவையும் தேய்த்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, 20, 21 இரண்டு நாளும் சுடுங்கள். சரியாகக் காய்ந்து, காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் இரண்டு வாரம் தாங்கும் சரக்கு இது. வாசனை சுட்ட அன்றைவிட மறுநாள்தான் கூடிவரும்.

கம்பித் தட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும், மின்விசிறிக்கு அடியில் இராப்பொழுது முழுக்க விடாதீர்கள். அட்டைப்பெட்டி பார்க்க அழகுதான், ஆனால் காற்றைத் தடுக்காது. ஆறு ஆறாக அடுக்கி ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடி, அந்தப் பையைப் பெட்டிக்குள் வையுங்கள். ரோஸ் குக்கீ, குல்குல் எல்லாம் சேர்த்துக் கொடுப்பதானால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் கிராம்பு மணக்கும். வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவது என்றால் நட்சத்திரம், பொம்மை அச்செல்லாம் வேண்டாம். முதலில் உடைவது கைகால்தான். வட்டம் நல்லது. மேலே ஐசிங் பூச நினைத்தால் பச்சை முட்டை வெள்ளைக்கரு தவிர்த்து, ஐசிங் சுகரில் எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டுக் கெட்டியாகக் குழைத்துப் பூசுங்கள். பூசியபின் ஒரு இரவு மூடாமல் உலர விடாதீர்கள், ஈரக்காற்று குக்கீயைக் கெடுத்துவிடும். பதிலாக அணைத்த ஓடிஜியின் மிச்சச் சூட்டில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உலர்த்துங்கள்.

பெட்டியின் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுங்கள்: சுட்ட தேதி, 'மைதா, வெண்ணெய், பால் உண்டு, முட்டை இல்லை' என்ற ஒரு வரி, 'திறந்தால் உடனே டப்பாவில் போடவும்' என்று இன்னொரு வரி.