லினக்ஸில் நேற்றுத் திறந்திருந்த விண்டோக்கள் இன்று காலையும் அப்படியே வருமா?

கேட்டவர் ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கிறார். கணினியில் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் (மெனு, விண்டோக்களைக் காட்டும் பகுதி). ஆர்டர் கணக்கு, பூ டிசைன், பிரவுசர் மூன்றையும் தினமும் காலையில் திறந்து அடுக்கி அலுத்துவிட்டதாம்.

பாதி வரும். லாக்அவுட் பெட்டியில் செஷனை, அதாவது அப்போது திறந்திருக்கும் நிரல்களின் நிலையை, சேமிக்க ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் அடுத்த லாகினில் அதே நிரல்கள் திறக்கும். ஆனால் காரைக்குடிப் பக்கம் கரண்ட் சொல்லிவிட்டா போகிறது? லாக்அவுட்டே நடக்காது. அதனால் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' அமைப்புக்குப் போய், 'சேவ் செஷன்' பொத்தானை வேலைக்கு நடுவிலேயே ஒருமுறை அழுத்தி வையுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், டெஸ்க்டாப் ஒவ்வொரு நிரலிடமும் "உன் நிலையை நீயே குறித்துக்கொள்" என்று மட்டும்தான் சொல்லும். விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 காலத்து ஏற்பாடு அது. பல நிரல்கள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. விண்டோ வரும், உள்ளே ஃபைல் இருக்காது. அந்த மாதிரி நிரல்களை அதே அமைப்பின் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் (லாகின் ஆனதும் தானாகத் திறப்பவை), நிரலின் பெயருக்குப் பின் ஃபைலின் முழுப் பாதையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். என் வோட்டு இதற்குத்தான், சேமித்த செஷனைவிட இது நம்பகமானது.

பிரவுசருக்கு இதெல்லாம் வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் பழைய டேப்களைத் திறக்கும் தேர்வு உண்டு.

கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பிலும் செஷனை மீட்கும் வசதி இருக்கிறது. ஹைபர்னேட் செய்தால், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைத்தால், எல்லாமே அப்படியே திரும்பும். அதற்குப் பொதுவாக ரேம் அளவுக்காவது டிஸ்கில் ஸ்வாப் இடம் (ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் பகுதி) ஒதுக்க வேண்டும்.