ஒரு புது டெக்னிக்ஸா, பழைய ஜோடியா? மிக்ஸிங்குக்கு எந்த டர்ன்டேபிள்?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கன்ட்ரோலரும் லேப்டாப்பும் வைத்து டிஜே மிக்ஸிங் பழகி வருகிறேன். இப்போது வினைலில் மிக்ஸ் செய்ய ஆசை. அப்பா சேர்த்த எக்கோ, இன்ரெக்கோ கம்பெனி எல்பிகள் வீட்டில் இருக்கின்றன. டிஸ்கோ, ஹவுஸ் 12 இன்ச் தட்டுகளும் கொஞ்சம் வாங்கியிருக்கிறேன். என் கையில் இருக்கும் பணத்துக்குப் புது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7 ஒன்று வாங்கலாம். அல்லது புது பயனியர் பிஎல்எக்ஸ்-500 இரண்டு. இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வந்த பழைய டெக்னிக்ஸ் ஜோடி ஒன்று விலைக்கு இருக்கிறது, ஒன்று எம்கே2, மற்றது எம்கே3டி. ஆடியோ-டெக்னிகா எல்பி120 இன்னும் மலிவு, அதுவே போதும் என்கிறார் நண்பர். ஸ்கிராட்ச் செய்யும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. எதை எடுக்கலாம்?"

பழைய ஜோடியை நேரில் போய்ச் சோதித்துப் பாருங்கள். தேறினால் அதை வாங்குங்கள். தேறாவிட்டால் பிஎல்எக்ஸ்-500 இரண்டு. ஒற்றை எம்கே7 இப்போது வேண்டாம், எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும். மிக்ஸிங் என்பது ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு அதன் வேகத்துக்குக் கொண்டுவருவது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மோட்டார் இருந்தால்தான் கை பழகும். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு நகரும், விட்டதும் எப்போது பிடிக்கும் என்பதெல்லாம் விரலில் ஏற வேண்டிய விஷயம். இடது கைக்கு ஒரு குணமும் வலது கைக்கு இன்னொரு குணமும் உள்ள இயந்திரங்களில் தொடங்கினால் பழகும் காலம் வீணாக நீளும்.

முதலில் டார்க், அதாவது மோட்டாரின் சுழற்று விசை. தட்டின் மேல் விரல் வைத்துப் பிடிக்கும்போது, அடியில் விரித்த துணியான ஸ்லிப்மேட் வழுக்க, அதற்கும் கீழே சுற்றும் உலோக வட்டு, அதாவது பிளாட்டர், அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்ததும் பாட்டு அந்த நொடியே முழு வேகத்தில் தொடங்க வேண்டும். மோட்டார் பலவீனமாக இருந்தால் விரலோடு சேர்ந்து பிளாட்டரும் தளரும். விட்ட பிறகு அது மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் முதல் பீட் பின்தங்கிவிடும். நீங்கள் சரியாகத்தான் விட்டிருப்பீர்கள், ஆனால் காதில் பிசகாகக் கேட்கும். புதிதாகப் பழகுபவருக்குத் தவறு தன்னுடையதா இயந்திரத்தினுடையதா என்றே தெரியாது. மலிவான இயந்திரத்தில் தொடங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பெல்ட் டிரைவ் வகையை இதே காரணத்துக்காக எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். ரப்பர் பெல்ட் இழுபடும், வழுக்கும்.

எல்பி120 டைரக்ட் டிரைவ்தான், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றும் வகை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் பிட்ச் ஃபேடரும் உண்டு. உட்கார்ந்து பாட்டுக் கேட்க நல்ல இயந்திரம். ஆனால் நீங்கள் சொன்ன நாலில் டார்க் குறைந்தது அதுதான். கூடவே வரும் ஊசி 2 கிராம் எடையில் ஓடும் நீள்வட்ட வகை, தட்டை முன்னும் பின்னும் தள்ளி பீட் தேடுவதற்கு ஏற்றதல்ல. நண்பரிடம் நன்றி சொல்லிவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

டெக்னிக்ஸ் எம்கே2-வின் டார்க் 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். நின்ற நிலையிலிருந்து எல்பியின் வேகமான நிமிடத்துக்கு 33⅓ சுற்றை எட்ட 0.7 விநாடி. டார்க் பிஎல்எக்ஸ்-500-இல் 1.6, எம்கே7-இல் 1.8. பயனியரின் பெரிய மாடலான பிஎல்எக்ஸ்-1000-இல் 4.5. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 1979-இல் வந்த எம்கே2-வின் அந்த 1.5-ஐ வைத்துத்தான் உலகம் முழுக்க கிளப்களில் பல பத்தாண்டுகள் மிக்ஸ் செய்தார்கள். அதிக டார்க் ஸ்கிராட்ச் செய்பவர்களுக்குப் பெரிய உதவி. பீட் சேர்ப்பதற்கு 1.5 போதும்.

அடுத்தது பிட்ச் ஃபேடர். என்னைப் பொறுத்தவரை டார்க்கைவிட இதுதான் முக்கியம். முதல் எஸ்எல்-1200 1972-இல் வந்தபோது வேகத்தை மாற்றச் சின்னத் திருகுகள்தான் இருந்தன. எம்கே2-இல்தான் நீளமான ஃபேடரும், வேகத்தைப் பிசகாமல் வைக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாடும் வந்தன. அதன் பிறகு வந்த டிஜே டர்ன்டேபிள் பெரும்பாலானவற்றில் ஸ்டார்ட் பொத்தான் இடது முன்மூலையிலும் ஃபேடர் வலது ஓரத்திலும் இருப்பதற்கு அந்த எம்கே2-தான் காரணம்.

எம்கே2, பிஎல்எக்ஸ்-500 இரண்டிலும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம் வரைதான் முடியும். எம்கே7-இல் 16 சதவீதமும் உண்டு. பெரிய எண் நல்லது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 96 பீட் உள்ள பாட்டையும் 132 உள்ள பாட்டையும் 16 சதவீதத்தில் இரு பக்கமும் இழுத்தால் 111 அருகே சேர்ந்துவிடும். ஆனால் ஒரு பாட்டு இரண்டரை அரைச்சுருதி ஏறியிருக்கும், மற்றது மூன்று அரைச்சுருதி இறங்கியிருக்கும். லேப்டாப்பில் சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்றிப் பழகியிருப்பீர்கள். இங்கே வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். ஜானகி அம்மாவின் குரலை அப்படிக் கேட்க உங்களுக்கே மனம் வராது. அதே நேரம், ஒரே நீள ஃபேடரில் 16 சதவீதத்தை அடைத்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்வுக்கும் வேகம் இரண்டு மடங்கு மாறும், நுணுக்கம் பாதியாகும். வேகம் 0.1 சதவீதம் பிசகினாலே ஒரு நிமிடத்தில் இரண்டு பாட்டும் 60 மில்லிவிநாடி விலகிவிடும். இரண்டு டிரம்மும் இரட்டையாக அடிப்பது காதுக்கு நன்றாகவே தெரியும். 8 சதவீதமே உங்களுக்கு நல்லது. 118-லிருந்து 128 வரையுள்ள டிஸ்கோவும் ஹவுஸும் அதற்குள் அடங்கும்.

எம்கே2-வின் ஃபேடரில் ஒரு தொந்தரவு உண்டு. நடுவில், பூஜ்யத்தில், டிக்கென்று ஒரு பிடிப்பு இருக்கும், பச்சை விளக்கும் எரியும். அந்தப் பிடிப்பை ஒட்டிய இடத்தில் ஃபேடரைக் கொஞ்சம் நகர்த்தினாலும் வேகம் மாறாது, அப்புறம் சட்டென்று மாறும். உங்களுக்கு வேண்டியது +0.2 சதவீதம் என்றால் சரியாக அங்கேதான் மாட்டும். வழி எளிது. முதல் பாட்டையே +2-இல் ஓட விடுங்கள், இரண்டாவது பாட்டும் பூஜ்யத்தை விட்டு விலகியே நிற்கும். எம்கே3டி-யில் இந்தப் பிடிப்பை எடுத்துவிட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பத் தனியாக ஒரு பொத்தான் வைத்தார்கள். மற்றபடி இரண்டுக்கும் மோட்டாரும், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் ஒரே குணம்தான். அதனால் உங்கள் பழைய ஜோடியை ஜோடியென்றே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அதைப் பார்க்கப் போகும்போது உங்கள் தட்டு ஒன்று, ஸ்லிப்மேட் ஒன்று கொண்டுபோங்கள். முதலில் பின்பக்கத்து லேபிளைப் படியுங்கள். ஜப்பான் இயந்திரம் 100 வோல்ட். நம் ஊர் 230-இல் நேராகச் சொருகினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. இயந்திரம் ஒவ்வொன்றும் இழுப்பது 15 வாட்டுக்கும் குறைவு, ஆகவே சிறியதே போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேகம் மாறுமோ என்ற கவலை வேண்டாம், வேகத்தை முடிவு செய்வது குவார்ட்ஸ். கப்பலிலோ கூரியரிலோ வந்தபோது பிளாட்டரைக் கழற்றித் தனியாகக் கட்டினார்களா என்றும் கேளுங்கள். அத்தனை கனமான பிளாட்டர் வழியெல்லாம் குலுங்கி வந்திருந்தால் நடுத்தண்டுக்கு அடி விழுந்திருக்கும்.

இயந்திரத்தை ஓடவிட்டு, ஃபேடரைப் பூஜ்யத்தில் வைத்து, பிளாட்டர் ஓரத்துப் புள்ளிகளைச் சிவப்பு விளக்கில் பாருங்கள். பெரிய புள்ளி வரிசை அசையாமல் நிற்க வேண்டும். இப்போது உங்கள் தட்டை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மீண்டும் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். அப்போதும் நின்றால் மோட்டார் நலம். பிறகு ஃபேடரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக நகர்த்துங்கள். புள்ளிகள் சீராக வேகம் மாற வேண்டும். எங்காவது துள்ளினால் ஃபேடருக்குள் அழுக்கு. இது சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ தீரும், விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

டோன்ஆர்ம்தான் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. ஊசி மாட்டும் முனையான ஹெட்ஷெல்லை மெல்லப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது கடகடத்தால் பேரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள், அந்த இயந்திரம் வேண்டாம். கடகடக்கவில்லை என்றால், பின் எடையைத் திருகி ஆர்ம் காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, விரல் நுனியால் தள்ளிவிடுங்கள். நடுவரை தடையில்லாமல் போக வேண்டும். ஆர்மின் உயரத்தை மாற்றும் வளையம் திரும்புகிறதா என்றும் பாருங்கள். பழசில் பல இறுகிப்போயிருக்கும். பாட்டு ஓடும்போது பின்னாலிருக்கும் ஆர்சிஏ வயர்களை ஆட்டுங்கள். ஒரு பக்கச் சத்தம் போய்ப் போய் வந்தால் வயர் மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை. இவற்றில் பேரிங்கும் நடுத்தண்டும் நன்றாக இருந்தால் மீதி எல்லாம் சரிசெய்யக் கூடியவை.

இந்தச் சோதனையை விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு பிஎல்எக்ஸ்-500 ஜோடிக்குப் போங்கள். அதன் உடல்கட்டு டெக்னிக்ஸ் அளவுக்கு இறுக்கமாக இருக்காது, அதனால் ஸ்பீக்கர் வைத்த மேசையிலேயே அதையும் வைக்காதீர்கள், பேஸ் திரும்பி ஊசி வழியாக உறுமும். ஆனால் வீட்டில் பழக அது நேர்மையான இயந்திரம். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் கூடவே வரும், ஊசியின் சன்னமான சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது.

அந்த ப்ரீஆம்ப் உங்கள் பட்ஜெட் கணக்கை மாற்றும். ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். டெக்னிக்ஸ் எடுத்தால் மிக்சரில் அந்தப் பெருக்கலைச் செய்யும் போனோ இன்புட் இரண்டு இருந்தே ஆக வேண்டும், கார்ட்ரிட்ஜும் இரண்டு தனியாக வாங்க வேண்டும். டெக்னிக்ஸின் தனி கிரவுண்ட் வயரை மிக்சரின் பின்திருகில் மாட்ட மறக்காதீர்கள், மாட்டாவிட்டால் ம்ம்ம் என்று இரையும். உங்கள் கன்ட்ரோலரில் வெளி இன்புட் இல்லையென்றால் பயனியருக்கும் மிக்சர் வேண்டும், ஆனால் அது ஏற்கெனவே பெருக்கிய சிக்னலை வாங்கும் லைன் இன்புட் மட்டும் உள்ள மலிவானதாக இருக்கலாம்.

ஊசிக்கு நான் சொல்வது ஆர்டோஃபான் கான்கார்ட் மிக்ஸ் போன்ற உருண்டை முனை வகை, 3 கிராம் எடையில். ஆர்மை மிதக்கவிட்டு, எடை வளையத்தின் எண்ணைப் பூஜ்யமாக்கி, அங்கிருந்து 3 வரை திருப்பினால் போதும்.

அப்பாவின் எல்பிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுகளில் பழகாதீர்கள். பீட் தேடி முன்னும் பின்னும் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துப் பள்ளம் தேயும், அவற்றுக்கு மாற்றுப் பிரதி கிடைப்பது கடினம். இன்னொன்று, எண்பதுகளின் திரைப்பாட்டில் தாளம் பெரும்பாலும் கையால் வாசித்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வேகம் மெல்ல ஏறி இறங்கும். டிரம் மெஷினில் செய்த ஹவுஸ் தட்டோடு அதைச் சேர்த்தால் ஃபேடரிலிருந்து விரலை எடுக்கவே முடியாது, பாட்டு முடியும்வரை கூடவே ஓட வேண்டும். முதலில் இரண்டு ஹவுஸ் தட்டுகளை இரண்டு நிமிடம் பிசகாமல் ஓட்டிப் பழகுங்கள். அப்புறம் எல்பிகளை ஒரு முறை நன்றாகப் பதிவு செய்து, செராட்டோ மாதிரி டிஜே மென்பொருளில் டைம்கோட் தட்டு (லேப்டாப்பிலுள்ள பாட்டைக் கட்டுப்படுத்தும் சிக்னல் மட்டும் பதிந்த தட்டு) வைத்து மிக்ஸ் செய்யுங்கள். நீங்கள் கேட்ட இயந்திரங்களில் எதை எடுத்தாலும் அது ஓடும். மிக்சர் வாங்கும்போதே அந்த மென்பொருளுக்கு ஒத்துவருமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தனியாக ஒரு பெட்டி வாங்கும் செலவு மிச்சமாகும்.