ஈறில் ரத்தமா? பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்!
பல் மருத்துவர் பதில்கள்

டாக்டர், எனக்கு 36 வயது. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது கீழ் முன்பற்களின் ஈறில் ரத்தம் வருகிறது. வலி கொஞ்சமும் இல்லை. அம்மா உடம்புச் சூடு என்கிறார். அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படாமல் தேய்க்கிறேன், ஆனாலும் நின்றபாடில்லை.
– வாசகி, கரூர்

பிரஷ் படாமல் தேய்ப்பதால்தான் நிற்கவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் புண்ணாகிவிட்டது, தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் ஈறு விஷயத்தில் அது நேர் எதிர்.

பல்லும் ஈறும் சேர்கிற ஓரத்தில் தினமும் ஒரு வழவழப்பான படலம் படியும். காலையில் நாக்கால் தடவிப் பாருங்கள், தெரியும். அது பெரும்பாலும் கிருமிக் கூட்டம். அதை அன்றன்றே எடுக்காவிட்டால் ஈறு வீங்கிச் சிவந்து, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிகிற நிலைக்கு வந்துவிடும். அப்புறம் சில நாட்களில் எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் சேர்ந்து, போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல் காரையாக இறுகிவிடும். இறுகிய காரை எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. கீழ் முன்பற்களுக்கு உள்பக்கம்தான் நாக்கடி உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கிறது, அதனால் காரை அங்கேதான் சீக்கிரம் சேரும். உங்களுக்கு அந்த இடத்தில் தொடங்கியதில் ஆச்சரியமே இல்லை, சூட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈறு நோயில் பெரிய தொல்லையே அதுதான். சொத்தைப் பல் நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைத்துவிடும், ஈறு நோய் வருஷக்கணக்கில் சத்தம் போடாது, கடைசியில் பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். வலிக்கு முன்பே வரும் அடையாளம் ரத்தம். கூடவே ஈறு பளபளவென்று உப்பியிருக்கிறதா, வாய் நாற்றம் இருக்கிறதா, பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஈறு கறுப்பாக இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள், நம்மில் பலருக்கு அது பிறவி நிறம்.

இந்தக் கட்டத்தில் பல்லைத் தாங்கும் எலும்பு கெட்டிருக்காவிட்டால் முழுசாகச் சரியாகிவிடும். மெல்லிய நார் உள்ள பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்வாக வைத்து, சின்னச் சின்னதாக அசைத்து, காலையும் இரவும் இரண்டு இரண்டு நிமிடம் தேயுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், வரட்டும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் காரை இருக்கிறது என்று அர்த்தம், பல் மருத்துவரிடம் போய் க்ளீனிங் செய்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகளும் வந்தால் அது வேறு விஷயம், உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வயது 57, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மேல் முன்பற்கள் விலகி இடைவெளி விழுந்துவிட்டது, லேசாக ஆட்டமும் இருக்கிறது. க்ளீன் பண்ணினால் பல் இன்னும் ஆடிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் நண்பர் சொல்வதை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது சார், காரை அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் சில நாள் ஆட்டமும் கூச்சமும் கூடினதுபோல் தெரியும், வீக்கம் வடிந்ததும் ஈறு இறுகிக்கொள்ளும். க்ளீனிங்கில் பல் தேய்ந்துவிடும் என்பதும் இதே ரகம்.

உங்களுக்கு நோய் ஈறைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வரை போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. மருத்துவர் மில்லிமீட்டர் குறி போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளப்பார். 3 வரை சரி. அதற்கு மேல் போனால் பாக்கெட் என்போம், எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரைக்கும் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து, அப்போதும் ஆழம் குறையாத இடங்களில் மட்டும் ஈறைத் திறந்து செய்யும் ஃபிளாப் சிகிச்சை. போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் கணக்கு. அதற்குப் பிறகும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும், இங்கேதான் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள்.

சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று கெடுக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, ஈறில் கிருமி இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஹெச்பிஏ1சி அளவு (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக அரைப் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பெரிய எண் இல்லைதான், ஆனால் பன்னிரண்டு வருடமாக மாத்திரை விழுங்குகிறவருக்கு அதன் அருமை தெரியும். செலவுக்கு யோசித்தால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே கேளுங்கள்.

சிகரெட் பழக்கம் உண்டு. ரத்தமெல்லாம் வராது, ஆனால் வாய் நாறுகிறது என்று மனைவி சொல்கிறார். மவுத்வாஷ் போதுமா?
– வாசகர், ஓசூர்

ரத்தம் வராததை நம்பாதீர்கள். நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் இருந்தும் வெளியே ரத்தம் தெரியாது. புகைப்பவர்களுக்கு நோயும் வேகம், சிகிச்சையின் பலனும் குறைவு. பல் மருத்துவரிடம் போய் ஈறின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

மவுத்வாஷ் நாற்றத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும், பல்லைச் சுற்றி ஈறில் விழும் ஆழமான பாக்கெட்டின் அடிவரை போகாது. கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்னால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே கொப்பளித்தால் வேலை செய்யாது, அரைமணி விடுங்கள்.

ஐந்து மாதக் கர்ப்பம். ஈறு வீங்கியிருக்கிறது. இப்போது சிகிச்சை செய்யலாமா, பிரசவம் முடியட்டுமா?
– வாசகி, காரைக்குடி

இப்போதே செய்யலாம்மா. கர்ப்பகால ஹார்மோன்களால் ஈறு சின்னப் படலத்துக்கே அதிகமாக வீங்கும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் சௌகரியம். எத்தனை மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மெடிக்கலில் கேட்டு நீங்களாக மாத்திரை எதுவும் வாங்க வேண்டாம்.

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். ஈறு பல் மேல் வளர்ந்து வருகிறது.
– வாசகர், வேலூர்

அந்த மருந்தால் சிலருக்கு அப்படி வரும், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயினாலும் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் பல்லைச் சுத்தம் செய்யுங்கள், காரை போனாலே பல பேருக்கு வீக்கம் கணிசமாகக் குறையும். அப்புறமும் வளர்ந்தால், வேறு மருந்து மாற்ற முடியுமா என்று பிரஷர் டாக்டரைக் கேளுங்கள்.