நாலு லட்சம் பேர், ஓர் அணி: ஐஸ்லாந்து பெண்கள் கால்பந்து கேள்வி பதில்

ஐஸ்லாந்து பெண்கள் தேசிய அணி வளர்ந்த விதம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஆண்கள் அணியைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கதை.

கண்ணன், திண்டுக்கல்: அக்கா, நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு எப்படி ஐந்து முறை யூரோவுக்கு (ஐரோப்பியக் கோப்பைக்கு) போனது?

2009, 2013, 2017, 2022, 2025. தொடர்ந்து ஐந்து. ஆண்கள் அணி முதன்முதலில் யூரோ ஆடியது 2016-இல்தான்; பெண்கள் அதற்கு ஏழு வருடம் முன்பே போய்விட்டார்கள்.

ஆனால் மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பார்க்காதீர்கள். கோடிக்கணக்கில் ஆள் இருந்தும் பந்தைத் தொடாத பெண்களால் அணிக்கு என்ன பயன்? எண்ண வேண்டியது இரண்டு: வாரத்துக்கு மூன்று நாளாவது பயிற்சிக்கு வரும் சிறுமிகள் எத்தனை பேர், அவர்களுக்கு வருடத்தில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது. ஐஸ்லாந்தில் பிரெய்தாபிலிக், வாலுர் போன்ற கிளப்கள் ஆண், பெண் இரு பாலருக்கும் ஒரே கூரையின் கீழ் அணி நடத்துகின்றன. அதே மைதானம், அதே அலுவலகம். பெண்களுக்கென்று தனியாக ஒரு கிளப்பைத் தொடங்கி, அது இரண்டு வருடத்தில் பணமில்லாமல் மூடப்படும் கதை அங்கே குறைவு.

நேர்கோட்டில் வளர்ந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பெண்கள் லீக் 1972-இல் தொடங்கியது. முதல் சர்வதேச ஆட்டம் 1981 செப்டம்பரில் ஸ்காட்லாந்துடன், 3-2 தோல்வி. 1989, 1991 ஐரோப்பியப் போட்டிகளுக்கு அணியே அனுப்பவில்லை. 1994-இல் ஐரோப்பியக் காலிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டு ஆட்டமும் 2-1 என்று தோற்றார்கள். இந்த 1994-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு சண்டைக்குத் தேவைப்படும்.

ரம்யா, சேலம்: உலகக் கோப்பை ஆடியிருக்கிறார்களா?

இல்லை. இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். 2017 அக்டோபரில் ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே, வீஸ்பாடனில், 3-2 என்று வென்றார்கள். மறு ஆண்டு சொந்த ஊரில் அதே ஜெர்மனியிடம் 2-0 தோல்வி, அடுத்து செக் குடியரசுடன் 1-1. 2019 வாய்ப்பு போனது.

2022 செப்டம்பரில் நெதர்லாந்துடன் டிரா செய்தாலே நேரடித் தகுதி. காயநேரத்தில் ஒரு கோல் வாங்கி 1-0. அக்டோபரில் போர்ச்சுகலுடன் பிளே-ஆஃப், அதாவது கடைசி வாய்ப்பு ஆட்டம்: இரண்டாம் பாதித் தொடக்கத்தில் சிவப்பு அட்டையும் பெனால்டியும், பத்துப் பேரோடு சமன் செய்தார்கள், கூடுதல் நேரத்தில் 4-1 என்று தோற்றார்கள்.

ஓர் உடற்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி: சிறுமிகளுக்கான பயிற்சி அமைப்பை விவரமாகச் சொல்ல முடியுமா? நான் 30 பிள்ளைகளை வைத்துத் தொடங்க இருக்கிறேன்.

இப்படிக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், டீச்சர்.

அங்கே பிள்ளைகளை இரண்டிரண்டு வயதாகப் பிரிக்கிறார்கள்: 7-8, 9-10, 11-12, 13-14, 15-16. சிறியவர்களுக்கு ஐவர் ஆட்டம், பிறகு ஏழு அல்லது எட்டுப் பேர், 13 வயதுக்கு மேல்தான் பதினொருவர். ஆறேழு வயசுப் பிள்ளைக்குக்கூடச் சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற பயிற்சியாளர். யாரோ ஒருவரின் அப்பா விசிலோடு நிற்பதில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ தரும் பி, ஏ பயிற்சியாளர் உரிமங்களுக்கான வகுப்புகளை நாட்டுச் சங்கமே நடத்துகிறது. செலவுக்கு நகராட்சி கை கொடுக்கிறது: தலைநகர் ரெய்க்யாவிக்கில் 6 முதல் 18 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, கலை வகுப்புக் கட்டணத்துக்காக ஆண்டுதோறும் உதவித்தொகை; 2023-இல் அது 75,000 குரோனா (அந்நாட்டு நாணயம்).

உங்கள் 30 பேருக்கு வாருங்கள். வயதுவாரியாகப் பத்துப் பத்தாக மூன்று குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். ஒரு வகுப்பு 60 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு பந்து என்பதில் பேரம் பேசாதீர்கள். பத்துப் பேருக்கு இரண்டு பந்து என்றால் எட்டுப் பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். 8 முதல் 12 வயது வரை சைஸ் 4, எட்டுக்குக் கீழே சின்னப் பிள்ளைகளுக்கு சைஸ் 3. முதல் 15 நிமிடம் பந்தோடு ஓட்டம், அடுத்த 15 நிமிடம் இருவருக்கு இருவர், மீதி முழுவதும் ஆட்டம். மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது வேண்டவே வேண்டாம்.

எங்கே கெடும் என்றால், 13 வயதில். நன்றாக ஆடுகிறாள் என்று அவளை மூத்த குழுவில் ஏற்றுவார்கள். ஏற்றலாம், ஐஸ்லாந்தில் அது சகஜம். சாரா பியோர்க் குன்னர்ஸ்தோத்திர் 2007-இல் 16 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடினார். ஆனால் ஏற்றியபின் கீழ்க் குழு ஆட்டத்துக்கும் அதே வாரம் அவளையே அழைத்தால் இரண்டு மடங்கு சுமை. வாரம் ஒரு போட்டி ஆட்டம், ஒரு நாள் முழு ஓய்வு என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்தது முழங்கால். அதற்குத் தனிக் கேள்வி வந்திருக்கிறது.

பிரியா, கோவை: பெண்களுக்கு முழங்கால் தசைநார் அதிகம் கிழிகிறதாமே?

ஆமாம், முன் சிலுவைத் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பைச் செய்யுங்கள். 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் பலமும் குதித்தலும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு தடவையாவது செய்யுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று எதிரே நின்று பாருங்கள். மடிந்தால் உயரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த நடு 10 நிமிடம்தான். அதை வெட்டினால் மீதி வெறும் ஓட்டம்.

செந்தில், மதுரை: மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் உலகத்திலேயே சிறந்த அணி இதுதானே?

வகுக்காதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

அருள், திருச்சி: அக்கா, எல்லாம் உள்ளரங்க மைதானம்தான் காரணம். குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஆரம்பித்தார்கள், ஜெயித்தார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

தம்பி, தேதியைப் பாருங்கள். முழு அளவு உள்ளரங்கம் முதன்முதலில் திறந்தது 2000-இல், கெப்லாவிக் பக்கம். 2009 யூரோவுக்குப் போன அணியின் கோல் இயந்திரம் மார்க்ரேத் லாரா விதர்ஸ்தோத்திர் 1986-இல் பிறந்தவர், வெஸ்ட்மன் தீவுக்காரர். கூரை வரும்போது அவருக்கு 13-14 வயது. தேசிய அணிக்கு 124 ஆட்டத்தில் 79 கோல் அடித்த ஆள் பந்தோடு பழகியது வெளியில், காற்றில். 1994 காலிறுதி அணிக்குக் கூரை என்றால் என்னவென்றே தெரியாது.

அருள்: அப்படியென்றால் கூரைக்குச் செலவழித்தது வீணா?

நான் அப்படிச் சொல்லவில்லை. கூரை தருவது நேரம். முன்பு நவம்பர் முதல் மார்ச் வரை பள்ளி ஜிம்மில் கட்டைத் தரையில் ஆடினார்கள். இப்போது கூரைக்குள் செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். அந்த நேரத்தை நிரப்பும் பயிற்சியாளர் இல்லாவிட்டால் அது வெறும் பெரிய கொட்டகை. இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் விஷயம். கூரையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2004-க்குப் பிறகு பள்ளிகளை ஒட்டி நாடு முழுக்கப் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி மைதானங்கள். செயற்கைப் புல். பலவற்றில் அடியில் வெந்நீர்க் குழாய்: வீடுகளைச் சூடாக்கிவிட்டு 30-35 டிகிரியில் திரும்பி வரும் நீரையே ஓட விட்டுப் பனியை உருக்குகிறார்கள். பூட்டு இல்லை, முன்பதிவு இல்லை.

விமலா, ஈரோடு: அருள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2009 அணி மூன்று ஆட்டமும் தோற்றது. 2022-இல் ஒன்றும் தோற்கவில்லை. கூரைத் தலைமுறைதானே வித்தியாசம்?

நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். 2022-இல் பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூவரோடும் 1-1, தோற்காமலே வெளியேறினார்கள். பந்தை வைத்து ஆடும் திறன் கூடியது உண்மை. ஆனால் ஒரே காரணம் என்றால் நடுவில் 2017 ஏன் மூன்றும் தோல்வி? 2025-இல் பின்லாந்திடம் 1-0, சுவிட்சர்லாந்திடம் 2-0, நார்வேயிடம் 4-3, ஏன் மூன்றும் போயிற்று? கூரைக்குள் பிறந்தே வளர்ந்த தலைமுறை அது. பின்லாந்து ஆட்டத்தில் கேப்டன் க்ளோடிஸ் பெர்லா விக்கோஸ்தோத்திர் வயிற்றுக் கோளாறால் இடைவேளையில் வெளியேறினார். பிறகு ஒரு சிவப்பு அட்டை. ஜெர்மன் கிளப் பேயர்ன் மியூனிக்குக்கும் கேப்டனான அவருக்கு மாற்றாக அதே தரத்தில் இன்னொருவர் சின்ன நாட்டில் இருக்கமாட்டார். முதல் பதினொருவர் யாரோடும் மோதுவார்கள். 2024 ஜூலையில் ரெய்க்யாவிக்கில் ஜெர்மனியை 3-0 என்று அடித்தார்களே. பதினைந்தாவது ஆளில்தான் தடுமாற்றம்.

அருள்: அப்போ பெஞ்ச்தான் பிரச்சினை என்கிறீர்கள். அதற்கும் கூரை கட்டினால்...

கட்டுங்கள் தம்பி, கட்டுங்கள். அடுத்த கேள்வி.

ஒரு தாய், சென்னை: என் மகளுக்கு 15 வயது. ஐஸ்லாந்து கிளப்பில் ட்ரயல் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு பதிவு மாற்றத்தை ஃபிஃபா தடை செய்திருக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு, உதாரணமாகப் பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது. ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள்.

தினேஷ், வேலூர்: இந்தியப் பிளேயருக்கு ஐஸ்லாந்து ட்ரயல் கிடைக்குமா, எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

மேலே பாருங்கள். ட்ரயலுக்குப் பணம் கேட்டால் மோசடி.

கவிதா, நாகர்கோவில்: பிள்ளை பெற்றபின் ஆட வருபவர்களுக்கு அங்கே என்ன ஏற்பாடு?

ஃபிஃபா விதி 2021 முதல்: குறைந்தது 14 வார விடுப்பு, அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பின், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதைச் சோதித்துப் பார்த்தவர் சாரா பியோர்க். பிரான்சின் லியோன் கிளப் கர்ப்ப காலச் சம்பளத்தை முழுதாகத் தராததால் வழக்குப் போட்டார். ஃபிஃபா தீர்ப்பாயம் 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2021 நவம்பரில் பிரசவம், 2022 ஜூலையில் யூரோ ஆடினார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் எல்லாரும் இந்த விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். தேசிய அணிப் பக்கம், 2018 தொடக்கத்தில் ஐஸ்லாந்துச் சங்கம் ஆண், பெண் இருவருக்கும் வெற்றி போனஸைச் சமமாக்கியது.

முருகன், தஞ்சை: ஸ்வெய்ந்திஸ் ஜேனின் நீண்ட த்ரோ-இன்னை எங்கள் பெண்கள் அணியில் எப்படிப் பழக்குவது?

ஐஸ்லாந்து முன்கள வீராங்கனை ஸ்வெய்ந்திஸ் ஜேன் யோன்ஸ்தோத்திர் எறிந்தால் பந்து பெனால்டி பெட்டிக்குள் கார்னர் போல வந்து விழும். த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதுதான் லாபம்.

ஆள் நிறுத்தும் முறை: அருகிலுள்ள போஸ்ட்டில் தலையால் பின்னுக்குத் தட்டிவிட ஒருவர், ஆறு கெஜக் கோட்டில் ஓடி வர மூன்று பேர், கீப்பர் முன்னால் ஒருவர் நிற்கலாம், தள்ளக் கூடாது. பெட்டி விளிம்பில் விழும் இரண்டாம் பந்துக்கு ஒருவர். பின்னால் கட்டாயம் இருவர், இல்லாவிட்டால் எதிர்த்தாக்குதலில் நீங்கள்தான் கோல் வாங்குவீர்கள்.

எறிபவருக்கு: பாதங்கள் இரண்டும் தரையில் படணும். பின்காலை இழுத்துக்கொண்டு வரலாம், தூக்கக் கூடாது. தூக்கினால் பந்து எதிரணிக்கு. வீச்சு கையிலிருந்து வராது, இடுப்பும் முதுகும் வில்லாக வளைந்து நிமிர்வதில் வரும். கனமான மெடிசின் பந்தை வைத்து வாரம் இரண்டு நாள், பத்துப் பத்தாக மூன்று சுற்று. தோள் வலித்தால் நிறுத்துங்கள். ஈரப் பந்துக்குத் துண்டு. வெளி ஆட்டத்துக்குப் போனால் கோட்டுக்குப் பின்னால் விளம்பரப் பலகை எவ்வளவு தூரம் என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். மூன்று மீட்டர்கூட இல்லையென்றால் ஓடி வர இடமில்லை, குட்டையாக எறியும் இரண்டாவது திட்டம் வேண்டும்.

பாலா, ஓசூர்: நாலு லட்சம் பேரில் எப்படி அக்கா...

அடுத்தது.

ஜெயந்தி, புதுச்சேரி: குளிர்காலத்தில் தகுதி ஆட்டங்களை எங்கே ஆடுகிறார்கள்?

அதுதான் நாள்பட்ட தலைவலி. லீக் நடப்பது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. பிளே-ஆஃப்கள் லீக் முடியும் அக்டோபரிலும், உள்ளூரில் ஆடுபவர்கள் ஆட்ட வேகத்தில் இல்லாத பிப்ரவரியிலும் வரும். 2008 அக்டோபர் கடைசியில் அயர்லாந்தை உறைந்த மைதானத்தில் 3-0 என்று வென்றுதான் முதல் யூரோவுக்கே போனார்கள். 2024 பிப்ரவரியில் செர்பியாவுடனான பிளே-ஆஃபைத் தேசிய மைதானத்தில் ஆட முடியாமல் பிரெய்தாபிலிக்கின் கோபவோகுர் செயற்கைப் புல்லில் ஆடி 2-1 என்று வென்றார்கள். 2025-இல் தேசிய மைதானத்தில் அடிச்சூட்டுக் குழாயோடு கலப்புப் புல் போட்டார்கள். அந்த அக்டோபரில் வட அயர்லாந்துடன் ஆட்டம் வைத்த அன்றைக்கே பனி கொட்டியது. ஒரு நாள் தள்ளி, பக்கத்திலிருக்கும் கிளப் மைதானத்தின் செயற்கைப் புல்லில் ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள்.